சுவான்சௌவுக்குத் தனியாக இரண்டு நாள்: போகலாமா?

கிள்ளான்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் நடுவில் கம்பெனி வேலையாக சீனாவில் உள்ள சியாமென் போகிறேன். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கூட்டம் முடிந்துவிடும். திங்கள் காலைதான் விமானம். நடுவில் உள்ள சனி, ஞாயிறில் சுவான்சௌ போய் வரலாம் என்று ஆசை. அங்கே தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது.

எனக்கு வயது 34. சீனம் ஒரு வார்த்தை தெரியாது. கூட வரும் இரண்டு ஆண் சகாக்களும் கடைவீதிக்குப் போகிறார்களாம். ஆக நான் மட்டும்தான். அம்மாவிடம் சொன்னேன். "ஊர் பேரே வாயில் நுழையல, அங்க போய் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

தனியாகப் போன பெண்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ராத்திரி வெளியே நடக்கலாமா? எங்கே தங்குவது? அந்தக் கல்வெட்டை எங்கே பார்ப்பது?

---

ஊர்சுற்றி 71:

இரண்டே நாள்தான் என்றால் நான் சியாமெனிலேயே இருந்துவிடுவேன். படகு ஏறினால் குலாங்யூ தீவு. வண்டிச் சத்தமே இல்லாமல் பழைய பங்களாக்களுக்கு நடுவே நடக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஊருக்கு அலைவானேன்?

---

ஆயர் ஈத்தாம் அக்கா:

தங்கச்சி, போ. ஊர்சுற்றி சொல்லும் தீவு அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்க்க எல்லாரும் போகிறார்கள். சுவான்சௌ உனக்காகக் காத்திருக்கிற ஊர்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று உனக்குத் தெரியும். வயது 58. பினாங்கில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கம்மா ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் கீரை விற்றார். பள்ளி விட்டதும் நானும் அங்கேதான். அதனால் அந்தப் பக்கத்துச் சீனப் பேச்சான ஹொக்கியன் பேச வரும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. போன வருஷம் மார்ச்சில் மூன்று ராத்திரி அங்கே தனியாக இருந்தேன்.

முதல் வேலை, ஊர் பெயரைச் சரியாகப் பார். குவாங்சௌ வேறு, சுவான்சௌ வேறு. ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஆங்கில எழுத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். என் நாத்தனார் மகன் இப்படித்தான் வேறு ஊருக்கு ஹோட்டல் போட்டுவிட்டு முழித்தான். ரயில் நிலையத்திலும் அதே கூத்து. சுவான்சௌ, சுவான்சௌ கிழக்கு, சுவான்சௌ தெற்கு என்று பல உண்டு. வெறும் சுவான்சௌ என்று இருப்பதைப் பிடி. மற்ற இரண்டும் 2023இல் திறந்த புதிய பாதையில் இருக்கின்றன, பழைய நகரத்திலிருந்து தூரம். சியாமெனிலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். டிக்கெட் என்று காகிதம் கிடையாது, கடப்பிதழ்தான் (பாஸ்போர்ட்) டிக்கெட். தானியங்கிக் கதவில் அதைத் தேய்த்துக்கொண்டு நிற்காதே, ஓரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் வழியில் போ.

தங்குமிடம் பற்றிக் கேட்டாய். இதில்தான் நான் அடி வாங்கினேன். மேற்குத் தெருப் பக்கம் சந்துக்குள் அழகான சின்ன விடுதி, செங்கல் வீடு, முற்றத்தில் தொட்டியும் மீனும். படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டிவிட்டேன். ராத்திரி 9 மணிக்குப் போய் நின்றால், மேசையில் இருந்த பையன் என் கடப்பிதழை அப்பளம் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். வெளிநாட்டவரைப் போலீஸ் பதிவில் ஏற்றத் தெரியாதாம். போனில் மொழிபெயர்த்துக் காட்டுகிறான், "மன்னிக்கவும், வசதி இல்லை."

வெளியே வந்து பெட்டிமேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரும் இல்லை என்று நினைத்து ஹொக்கியனில் நாலு வார்த்தை வாய்விட்டுத் திட்டினேன். மார்க்கெட்டில் கற்ற வார்த்தைகள், இங்கே எழுத முடியாது. பக்கத்தில் ஒரு இனிப்புக் கடை. உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கிறார், நெற்றியில் வைத்திருந்த பொட்டைப் பார்க்கிறார், மறுபடியும் வாயைப் பார்க்கிறார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி "சியா பா போய்?" நம் ஊரில் "பசியாறிட்டியா" என்று கேட்போமே, அதேதான்.

எங்கள் பினாங்கு ஹொக்கியனுக்கு வேர் பக்கத்து ஊரான சாங்சௌ பக்கம். இவர்கள் பேச்சின் இழுவை வேறு. பாதி புரியும், மீதியை ஊகிக்க வேண்டும். ஒரு கிண்ணம் கடலை சூப் கொடுத்தார். வெந்து கரைந்த வேர்க்கடலை, சர்க்கரை, அவ்வளவுதான். குடித்து முடித்ததும் எழுந்து நின்று எதையோ தேடினார். "தொங்காட், தொங்காட்" என்று முணுமுணுக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைத்தடிக்கு நம் ஊர் மலாய் வார்த்தை! கடைக்காரப் பேரன் கதவு மூலையிலிருந்து தடியை எடுத்துக் கொடுத்தான். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்து சேர்த்த சொற்கள் அங்கே இன்னும் நடமாடுகின்றன. சோப்புக்கும் "சப்புன்" என்றுதான் சொல்கிறார்கள். பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு மூன்று சந்து தள்ளி ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த பெண் ஐந்து நிமிஷத்தில் பதிவை முடித்தாள்.

அதனால் நீ செய்ய வேண்டியது: கொஞ்சம் பெரிய ஹோட்டலாகப் பார், பணம் கட்டுமுன் "மலேசியக் கடப்பிதழ் எடுப்பீர்களா" என்று செய்தி அனுப்பி எழுத்தில் பதில் வாங்கு. மீன்தொட்டியைப் பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி நடக்கலாமா என்றால், நான் 11 மணிக்கு நடந்தேன். மேற்குத் தெருவில் குழந்தை குட்டியோடு கூட்டம். முறைக்கிறார்கள், உண்மை. புடவை கட்டினால் படம் எடுக்கக் கேட்பார்கள். வேண்டாம் என்று கை ஆட்டினால் போய்விடுவார்கள். ஆண்களை விட அங்கே நீ பயப்பட வேண்டியது பேட்டரி ஸ்கூட்டருக்கு. சத்தமே இல்லாமல், தப்பான பக்கத்திலிருந்து, நடைபாதையிலேயே வரும். இரண்டு தடவை என் முழங்கையை உரசிக்கொண்டு போனது.

இனி பார்க்கிற இடங்கள். யுனெஸ்கோ 2021இல் இந்த ஊரின் 22 இடங்களைச் சேர்த்து உலக மரபுச் சின்னம் என்று அறிவித்தது. இரண்டு நாளில் 22ஐயும் தொட்டுவிட்டு ஓடாதே. நான் நாலே இடம் சொல்கிறேன்.

கையுவான் கோயில். 686இல் தொடங்கியது. எல்லாரும் இரண்டு கல் கோபுரங்களின் முன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கோபுரங்கள் பெரிதுதான், 1228க்கும் 1250க்கும் நடுவில் கட்டியவை, 1604 பூகம்பத்தில்கூட விழவில்லை. மேற்குக் கோபுரத்தில் வாள் வைத்த குரங்கு முகத்தான் ஒருவன் இருக்கிறான், தேடிப் பார். ஆனால் உனக்கு வேண்டியது பிரதான மண்டபத்தின் பின்பக்கம். முன்னால் கும்பிட்டுவிட்டு அப்படியே சுற்றிப் பின்னால் போ. அங்கே 16 பட்டை வைத்த இரண்டு தூண்கள் நிற்கும். சீனக் கூரைக்குக் கீழே, நம் தூண்கள். வட்டம் வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், முதலையிடம் மாட்டிய யானை, மரத்தின்மேல் சேலைகளோடு கண்ணன். என் தாத்தா வீட்டுத் திண்ணைக் கதைகள் எல்லாம் அங்கே கல்லில் இருந்தன. எங்கேயோ இடிந்துபோன நம் கோயிலின் கற்களை மிங் காலத்தில் திருப்பணி செய்தபோது கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். மண்டபத்தின் மேடையைச் சுற்றிலும் மனித முகச் சிங்கங்கள், 70க்கும் மேல். நான் எண்ணத் தொடங்கி, காவலாளி முறைத்ததில் கணக்கு விட்டுப்போனது.

அந்தத் தூணில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, குங்குமம் இல்லை, விபூதி இல்லை. எனக்குக் கை பரபரத்தது. தொடக்கூடாது, கம்பி போட்டிருக்கிறார்கள். சும்மா நின்றேன்.

அடுத்து தூமன் தெரு. 1009இல் கட்டிய கல் பள்ளிவாசல், கூரை போன தொழுகைக்கூடம், சுவரில் அரபு எழுத்து. அதிலிருந்து நடக்கிற தூரத்திலேயே குவான்தி கோயில், ஊதுவத்திப் புகையில் கண் எரியும். அங்கே பெண்கள் பிறைநிலா மாதிரி இரண்டு சிவப்பு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுச் சாமியிடம் கேள்வி கேட்பார்கள். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது போல. ஒரு அம்மா ஒன்பது தடவை போட்டார். சாமிக்கே சலித்திருக்கும்.

லோயாங் பாலம் என்று ஒன்று. தயவுசெய்து வரைபடத்தில் லோயாங் என்று மட்டும் போடாதே, அது வடக்கே வேறு ஒரு பெரிய பழைய ஊர். பாலம் 1053இல் தொடங்கி 1059இல் முடிந்தது. ஆறு கடலில் சேருமிடம், அடி மண் நகர்ந்துகொண்டே இருக்கும். அஸ்திவாரக் கற்களின்மேல் சிப்பியை வளர்த்துவிட்டார்களாம், அது ஒட்டி ஒட்டிக் கல்லையெல்லாம் ஒன்றாக இறுக்கிவிட்டது. சிமெண்டு இல்லாத காலத்தில் உயிருள்ள சிமெண்டு. கடல் வற்றும் நேரம் கேட்டுவிட்டுப் போ, அப்போதுதான் கால்கள் தெரியும்.

கடைசியில் சுன்பூ கிராமம். சிப்பி ஓட்டைச் சுவரில் பதித்த வீடுகள். அங்குள்ள பெண்கள் கொண்டை போட்டு, ஊசி ஒன்று குத்தி, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பார்கள். இப்போது அது ஒரு வியாபாரமாகிவிட்டது. 40 யுவான் கொடுத்தால் உனக்கும் வைத்துவிடுவார்கள், வாடகை உடுப்பு தனி. தெரு முழுக்க இளம்பெண்கள் ஒரே மாதிரி பூ, ஒரே மாதிரி முகம் சாய்த்துப் படம். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. பூ வைப்பது நமக்குப் புதுசா என்ன? ஆனால் மீன் விற்கும் இடத்துக்குப் போனால் 70, 80 வயசுக்காரிகள் தலை நிறையப் பூவோடு சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார்கள். படத்துக்கு இல்லை, வழக்கமாக வைப்பது. கத்தி முனையால் ஒரு திருகு, ஓடு பிளக்கும், சதை கிண்ணத்தில் விழும், தலையில் ஒரு பூகூட அசையாது. அங்கே ஒரு மணி நேரம் நின்றேன். அம்மா கீரைக்கட்டு கட்டுவது ஞாபகம் வந்தது.

கல்வெட்டு எனக்குத் தெரியாது. நான் தேடியபோது கிடைக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

---

கல்லெழுத்து:

அக்காவுக்கு அது கிடைக்காததற்குக் காரணம் உண்டு. கல் சுவான்சௌவில் கண்டெடுத்ததுதான், ஆனால் இப்போது இருப்பது சியாமெனில், பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில். கிள்ளான்காரி தங்கப்போகும் ஊரிலேயே! பல்கலைக்கழக வளாகத்துக்குள் போக முன்பதிவு கேட்பார்கள். வேலைக்கு அழைத்த சீனச் சகாக்களிடம் சொன்னால் பதிவு செய்து தருவார்கள்.

கல்லில் தமிழ் வரிகள், கீழே ஒரு வரி சீனம். சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், 'செகசைகான்' திருமேனி நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. செகசைகான் என்பது குப்ளாய் கான்தான் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். கானின் 'பர்மான்'படி செய்ததாக முடிகிறது. பர்மான் பாரசீகச் சொல். மங்கோலிய அரசன், பாரசீக ஆணை, தமிழ் எழுத்து, சீனத் துறைமுகம், எல்லாம் ஒரே கல்லில். எனக்கு இதில் பிடித்தது 'திருமேனிக்கு நன்றாக' என்ற தொடர். தஞ்சாவூரில் ராசாவுக்கு வெட்டுவது போலவே அங்கேயும் வெட்டியிருக்கிறார்கள்.

சுவான்சௌ கடல் வாணிப அருங்காட்சியகத்தில் நம் கோயில் கற்கள் நிறைய உண்டு, விஷ்ணு சிலையும் உண்டு. நேரம் இருந்தால் அதையும் பாருங்கள். 1974இல் கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல் கையுவான் கோயில் வளாகத்திலேயே தனிக் கட்டடத்தில் இருக்கிறது.

இன்னொன்று. அரபு வணிகர்கள் இந்த ஊரை 'சைத்தூன்' என்றார்கள். ஊரைச் சுற்றி நட்டிருந்த 'சித்துங்' மரத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அது வேறு ஒன்றுமில்லை, நம் கல்யாண முருங்கை.

---

கிள்ளான்காரி:

அக்கா, தொங்காட் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பாட்டி இருக்கிற ஊர்னா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார்! ஆனால் புது நிபந்தனை, மூன்று வேளையும் போன் பண்ண வேண்டுமாம்.

இன்னும் சில சந்தேகம். நான் சைவம். பணம் எப்படிக் கொடுப்பது? அங்கே வாட்ஸ்அப் வேலை செய்யுமா?

---

ஆயர் ஈத்தாம் அக்கா:

நம் ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டுக்கொண்டு போ, வாட்ஸ்அப் ஓடும். ஹோட்டல் வைஃபையில் ஓடாது. அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவை, இல்லையென்றால் ஒரு வேளை போன் வராவிட்டால் தூதரகத்துக்குப் போய்விடுவார்.

பணத்துக்கு அலிபே என்ற பணம் கட்டும் செயலியை இங்கேயே இறக்கி, உன் கார்டை இணைத்து, கடப்பிதழ் சரிபார்ப்பை முடித்துவிட்டுக் கிளம்பு. வெறுங்கையாக அங்கே போய்ச் செய்யாதே. டாக்சியும் அதற்குள்ளேயே கூப்பிடலாம். ஒரு 300 யுவான் நோட்டாக வைத்துக்கொள். டிஷ்யூ பையில் எப்போதும் இருக்கட்டும், கழிவறையில் இருக்காது.

சாப்பாட்டில் ஜாக்கிரதை. ஊரின் பெயர்பெற்ற மெல்லிய சேமியாக் கஞ்சி பார்க்க அப்பாவியாக இருக்கும், குழம்பு முழுக்கப் பன்றியும் கடல் சாமானும். கடலை சூப் உனக்குச் சரி. நாலு பழம் போட்ட குளிர்ந்த ஜெல்லித் தண்ணீர் கடைக்குக் கடை இருக்கும், அதுவும் சரி. கோயிலை ஒட்டிச் சைவக் கடைகள் உண்டு. "சியா ச்சாய்" என்று சொல், பெரியவர்களுக்கு உடனே புரியும். இளசுகளுக்குப் போனில் எழுதிக் காட்டு. முட்டை, பூண்டு என்று உன் விவரம் எல்லாம் சேர்த்து எழுதிவை.

அந்தப் பாட்டி இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துச் சொல். கடைக்கு வெளியே நீல பிளாஸ்டிக் முக்காலி ஆறு இருக்கும். எனக்கு அதற்குமேல் அடையாளம் தெரியாது.

---

கிள்ளான்காரி:

போய் வந்துவிட்டேன். முதலில் கல்வெட்டு: வெள்ளி மதியம் சீனச் சகா ஒருவர் பதிவு போட்டுக் கூட்டிப்போனார். கல்லில் என்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது நாலைந்து எழுத்துதான். 'ம'வும் 'ன'வும் இன்று நாம் எழுதுவதுபோலவே இருந்தன. அவர் கீழே இருந்த சீன வரியைப் பார்த்து, "எனக்கும் பாதிதான் புரிகிறது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஹோட்டல் சிக்கல் இல்லை, எழுத்தில் வாங்கியது நல்லதாகப் போயிற்று. ஸ்கூட்டர் விஷயத்தில் அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. தூண்களிடம் சனி காலை 7 மணிக்கே போய்விட்டேன். ஒரு துறவி துடைப்பத்தோடு நடந்து போனார், வேறு யாரும் இல்லை. யானையும் முதலையும் இருக்கும் வட்டம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கிட்டக் காட்டு, கையாடுது" என்று திட்டினார்.

சுன்பூவில் நான் பூ வைத்துக்கொண்டேன் அக்கா, கோபப்படாதீர்கள். மல்லி மொட்டுப் போலவே ஒன்று, வாசனை மட்டும் இல்லை.

பாட்டி! சனிக்கிழமை இரண்டு தடவை போனேன், கடை மூடியிருந்தது. முக்காலிகள் மட்டும் அடுக்கி வைத்திருந்தன, நீலம்தான், ஆனால் ஐந்து. ஞாயிறு காலை திறந்திருந்தது. போனில் மொழிபெயர்த்து, "போன வருஷம் ராத்திரியில் ஒரு அக்காவுக்கு வழி காட்டினீர்களே" என்று காட்டினேன். ஞாபகம் இல்லை என்று தலையாட்டினார். நான் மூலையில் சாய்த்திருந்த தடியைக் காட்டி "தொங்காட்" என்றேன். உடனே முகம் மலர்ந்து, பேரனைக் கூப்பிட்டு ஏதோ சொல்லச் சொன்னார். நீங்கள் திட்டியதை அப்படியே திரும்பச் சொன்னாராம். பேரன் மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டான்.

கடலை சூப்புக்குக் காசு வாங்கவில்லை. கிளம்பும்போது பேரன் வழியாக ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களைக் கேட்டு அவனுக்குச் செய்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். பினாங்கு மார்க்கெட்டில் சிப்பி இப்போது கிலோ என்ன விலை?